ஊரடங்குக் காலத்தில் எங்கள் ஊர் மாதர் சங்கம் செய்த குளிசைச் சேவை: ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எங்கள் ஊர் மாதர் சங்கம் என்றால் சேமிப்பு, கடன், தையல். 2020 மார்ச் 20 அன்று நாடு முழுக்க ஊரடங்கு விழுந்த பிறகுதான் அவர்கள் குடும்பத் திட்டத்தில் கைவைத்தார்கள்.

கிளினிக் நின்றுவிட்டது. மிட்வைஃப் மிஸ்ஸின் தலையில் கொரோனா வேலையும் ஏறியது. ஊரடங்குப் பாஸ் இல்லாமல் மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கிற படகு) ஏறிக் குருமண்வெளிக்குப் போய், அங்கிருந்து களுவாஞ்சிக்குடி மருந்துக்கடைக்குப் போகவும் வழியில்லை. டெப்போ என்ற கருத்தடை ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை. மிதுரி என்ற கருத்தடைக் குளிசை பாவிக்கிறவளுக்கு மட்டை முடிய அடுத்த மட்டை வேண்டும். வீட்டில் புருஷன் இருபத்துநாலு மணித்தியாலமும் நிற்கிறார்.

சங்கம் ஒரு ஓட்டோவுக்குப் பாஸ் எடுத்தது. மிட்வைஃபின் பதிவில் இருந்தவர்களுக்கு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் வாங்கியும், கடையில் வாங்குகிறவர்களுக்குக் காசு சேர்த்து வாங்கியும் கொண்டுவந்தார்கள். மிதுரியே 1953இல் தொடங்கிய குடும்பத் திட்டச் சங்கத்தின் குளிசைதான். எங்கள் சங்கத்தைப் போல அதுவும் அரசாங்கம் இல்லை.

எனக்குப் பிடித்தது கொடுத்த விதம். நிவாரணப் பையில் பருப்புக்கு அடியில், பேப்பரில் சுற்றி மட்டை இருக்கும். போனை வேறு யாராவது எடுத்தால், "சங்கக் கடன் கணக்கு ஒண்டு கேக்கணும், மகள் நிக்கிறாவா?" என்பார்கள். எங்கள் மாமியார் கடைசிவரை கடன் என்றே நம்பினா.

டெப்போ பிந்தியவர்களிடம், 4 கிழமை வரை பிந்தினாலும் போடலாம் என்ற உலக சுகாதார நிறுவன வழிகாட்டலை மிட்வைஃபைக் கொண்டே போனில் சொல்ல வைத்தார்கள். பாதிப் பயம் அதோடு போனது. பிள்ளைத்தாச்சிமாரின் கிளினிக் அட்டையில் 1990 சுவசெரிய இலக்கத்தைப் பெரிதாக எழுதி ஒட்டினார்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை என்பதையும் சேர்த்து. அது தெரியாமல் ஓட்டோவுக்குக் காசு தேடினவர்கள் இருந்தார்கள்.

குறையும் உண்டு. பொஸ்டினர் என்பது உறவுக்குப் பிறகு 72 மணித்தியாலத்துக்குள் போட வேண்டிய அவசரக் கருத்தடைக் குளிசை, எவ்வளவு சுறுக்காகப் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. ஓட்டோ ஓடியதோ செவ்வாயும் வெள்ளியும். வெள்ளி பின்னேரம் கேட்டவளுக்குச் செவ்வாய்தான் வரும், வந்தென்ன? கலியாணம் முடிக்காத பிள்ளைகள் கேட்டால் "உனக்கென்னத்துக்கு?" என்ற கேள்வி முதலில் வந்தது. இதை எழுதினால் சங்கத்து அக்காமாருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. நிவாரணப் பையில் சோயாமீட் இருந்தது, டின்மீன் இருந்தது, மாதவிடாய்க்கான பேட் இல்லை. நாங்கள் சத்தம் போட்ட பிறகுதான் அதையும் போட்டார்கள்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்தப் போன் பட்டியல் இன்னும் சங்கத்தில் இருக்கிறதாம். மாரி வெள்ளத்தில் பாலம் மூடுபடும் ஊர் இது, கொரோனா வந்துதான் வழி அடைபட வேண்டும் என்றில்லை. பொஸ்டினரில் கொஞ்சத்தை ஊருக்குள்ளேயே மிட்வைஃபிடம் வைப்பிக்க ஏற்பாடு செய்துவிட்டு, கலியாணக் கேள்வியையும் விட்டார்கள் என்றால், மிச்ச ஒன்றரையையும் தருகிறேன்.