ஒருநாள் யாத்திரை வான்: இடியப்பம் நல்லது, விளக்கம் போதாது

போன ஆகஸ்ட் 15, மாதா விண்ணேற்புத் திருநாளன்று, மட்டக்களப்பில் கொல்லப்பட்ட, காணாமல்போன குருமாரின் நினைவாக ஒரு வான்காரர் ஒழுங்கு செய்த யாத்திரைக்கு அம்மாவோடு போய் வந்தேன். பெயர் போடவில்லை, குறை சொல்லப்போகிறேன், நாளைக்கு ரோட்டில் முகம் பார்க்க வேண்டும். தலைக்கு 3500 ரூபாய், காலைச் சாப்பாடும் சேர்த்து. இடியப்பமும் சொதியும் சூடாக வந்தன, அதில் குறையே இல்லை.

முதலில் புளியந்தீவு மரியாள் பேராலயம். சந்திரா பெர்னாண்டோ பாதர் 1988 ஜூன் 6இல் சுட்டுக் கொல்லப்பட்டது இங்கேதான். வழிகாட்டி "நல்ல குருவானவர், ஏழைகளுக்கு உதவினார்" என்று முடித்துவிட்டார். அவர் பிரஜைகள் குழுத் தலைவர் ஐயா! அந்தக் காலத்தில் பிரஜைகள் குழு என்றால், பிடித்துக்கொண்டு போன பிள்ளை எங்கே என்று ஆயுதம் வைத்திருப்பவனிடமே போய்க் கேட்கிற வேலை. பின் சீட்டில் இருந்த பொடியனுக்கு அதை அம்மாதான் விளங்கப்படுத்தினா.

அப்புறம் மிக்கேல் கல்லூரி. லூசியானாவிலிருந்து வந்து இங்கே கூடைப்பந்து பழக்கிய யேசு சபைக் குரு, யூஜின் ஜோன் ஹேபியர். அம்மா வாசலில் நின்று கம்பிக்குள்ளால் மைதானத்தையே பார்த்துக்கொண்டு இருந்தா, சாரதி ஹோர்ன் அடிக்கும்வரைக்கும்.

எனக்குக் கோபம் வந்தது வாழைச்சேனை ரோட்டில்தான். 30 கிலோமீற்றர் சொச்சம், அதுதான் இந்த யாத்திரையின் உயிர், அதைக் கண்ணாடியை மூடி, ஏசியும் பக்திப்பாட்டும் போட்டுப் பறக்கவிட்டார்கள். 1990இல் வாழைச்சேனை கன்னியர் மடத்தில் அகப்பட்டிருந்தவர்களை வெளியே எடுக்கப் போன ஹேபியர் பாதர், ஆகஸ்ட் 15 அன்று ஒரு தமிழ்ப் பொடியனோடு ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது இந்த ரோட்டில்தான் காணாமல்போனார். இருவரும் வீடு வரவில்லை. அதற்கு மூன்று நாலு நாள் முன்னர்தான் ஏறாவூரில் குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைப் புலிகள் வெட்டியும் சுட்டும் கொன்றிருந்தார்கள். ரோடு எந்த நிலைமையில் இருந்திருக்கும், அதில் ஒரு மனிதர் ஸ்கூட்டரில் போனார் என்றால் என்ன அர்த்தம்? ஏறாவூரில் பத்து நிமிஷம் நிறுத்தி இதைச் சொல்லியிருக்கலாம். வழிகாட்டி மைக்கில் சொன்னது "அப்போது கலவர காலம்", அவ்வளவுதான். நிறுத்தச் சொல்லிக் கேட்டேன், "பாசிக்குடாவில் சாப்பாடு சொல்லியிருக்கு, லேட்டாகும்" என்றார். அதே 1990இல் கொல்லப்பட்ட தமிழ்ச் சனங்களுக்கான சத்துருக்கொண்டான் நினைவுத்தூபியும் அப்படியே கண்ணாடியில் ஓடிப்போனது. யாத்திரையா பிக்னிக்கா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

சாரதி மட்டும் தங்கமான ஆள். திரும்பும்போது அம்மா கேட்டவுடன், யாரிடமும் கேட்காமல் ஏறாவூர் தாண்டி ஒரு ஓரமாக வானை நிறுத்திப் பாட்டையும் ஓஃப் பண்ணினார். அம்மா இறங்கவில்லை. கண்ணாடியைத் திறந்துவிட்டு செபமாலையில் ஒரு பத்து மணி சொன்னா, பஸ்கள் உரசிக்கொண்டு போயின.

5க்கு 2½. அந்த அரைப் புள்ளி சாரதிக்கு. பதிவதென்றால் நடு சீட் கேளுங்கள், பின்னால் ஏசி வராது.