சேர்ஜா, வைட்டலா? சுருதி பார்த்து வாசிப்பவருக்கு எது

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு பாட்டுச் செய்து தரச் சொல்லி முள்ளியவளையில் இருந்து கேட்டு வந்தபோது என் லப்டொப்பில் இரண்டு சிந்தசைசர் பிளகின்கள், அதாவது கணினிக்குள்ளேயே ஒலியை உருவாக்கும் மென்பொருள்கள், இருந்தன. ஒன்று வைட்டல், மற்றது சேர்ஜ் எக்ஸ்டி. மூன்று வருடமாக நான் திறந்தது வைட்டலைத்தான். சேர்ஜ் சும்மா கிடந்தது. அந்தப் பாட்டு முடிந்த பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. கிளிநொச்சியில் வீட்டு அறையிலேயே இசை செய்யும் பொடியள் இப்போது நிறையப் பேர்; எதைப் போடுவது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சீரம் என்ற, காசு கொடுத்து வாங்கும் சிந்தசைசரைப் பற்றியும் கேட்பார்கள். அதன் இரண்டாம் பதிப்பின் விலை 249 டாலர், நம் இலங்கைக் காசில் எழுபதாயிரத்துக்கு மேல். வவுனியாவில் ஒரு நண்பரின் ஸ்டூடியோவில் ஒரு பின்னேரம் மட்டும் அதில் வாசித்துப் பார்த்தேன். சத்தம் பிரமாதம். ஒரு பின்னேரத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது சரியில்லை.

வைட்டலும் சேர்ஜும் இலவசம். மட் டைட்டல் என்பவர் 2020இல் வெளியிட்டது வைட்டல். காசு கட்டும் பதிப்புகளும் உண்டு, ஆனால் இலவசப் பதிப்பிலேயே முழு சிந்தசைசரும் இருக்கிறது, கூட வரும் ஒலிகள்தான் குறைவு. சேர்ஜ் அதைவிடப் பழையது. முதலில் விலைக்கு விற்கப்பட்டு, 2018இல் அதை உருவாக்கியவரே மூல நிரலைத் திறந்து விட்டார். பிறகு பலர் சேர்ந்து வளர்த்து 2022இல் எக்ஸ்டி ஆக்கினார்கள். ஆயத்த ஒலிகள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

பழகுவதற்கு எது லேசு என்றால், கேள்வியே வேண்டாம், வைட்டல். அலை ஓடுவது கண்ணுக்குத் தெரியும். எல்எஃப்ஓவை (ஒலியை மெல்ல மெல்ல அசைக்கும் அலை) பிடித்து இழுத்து வேண்டிய குமிழின் மேல் விட்டால் போதும், குமிழைச் சுற்றி ஒரு வளையம் வந்து எவ்வளவு அசைகிறது என்று காட்டும். முதல் நாளே ஒரு நல்ல பாட் ஒலி, அதாவது பின்னணியில் நீண்டு நிற்கும் ஒலி, செய்துவிடலாம்.

சேர்ஜ் அப்படி இல்லை. சின்னச் சின்ன ஸ்லைடர்கள், எங்கே வலது கிளிக் செய்தாலும் ஒரு நீண்ட பட்டியல். அதைவிட, எல்எஃப்ஓவை அழுத்தி மாடுலேஷன் நிலைக்கு (எதை எவ்வளவு அசைப்பது என்று சொல்லும் நிலை) போனபின், அதே ஸ்லைடர்கள் அசைவின் அளவைக் காட்டத் தொடங்கிவிடும். அதை மறந்து கட்ஆஃபை (ஃபில்டர் ஒலியை வெட்டத் தொடங்கும் இடம்) கூட்டினால் கட்ஆஃப் அப்படியே நிற்கும், ஆட்டம் மட்டும் கூடும். முதல் மாதம் இது எனக்குப் பலமுறை நடந்தது. ஒலி ஏன் இப்படித் தள்ளாடுகிறது என்று தேடித் தேடி, கடைசியில் அந்தப் பொத்தான் இன்னும் அழுத்தியபடியே இருப்பதைக் கண்டுபிடிப்பேன். கை பழகிய பின் இந்தத் தொல்லை போய்விட்டது.

கணினிக்கு எது பாரம் குறைவு என்றும் கேட்பார்கள். என்னுடையது பழைய ஐ3 லப்டொப். அதில் வைட்டலில் யூனிசனை (ஒரே ஸ்வரத்தைப் பல பிரதிகளாக ஒலிப்பது) கூட்டி நாலு குரல் ஒன்றாகப் பிடித்தால் சத்தம் கரகரக்கும், சேர்ஜ் தாங்கும். புதிய கணினியில் இந்த வேறுபாடு தெரியாமலே போகலாம்.

சரி, எனக்குத் தீர்மானமாக அமைந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தப் பாட்டு மோகன ராகத்தில், இரண்டு கட்டையில், அதாவது ஸ கீபோர்டின் டி கீயில். வைட்டலில் ஒரு பாட் போட்டு வைத்திருந்தேன். அதன் மேல் வாசிக்க ஒரு நாதஸ்வர வித்துவானை அழைத்திருந்தோம். ஹெட்போனைப் போட்டு இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு நாதஸ்வரத்தை மடியில் வைத்தார். "தம்பி, உங்கட காந்தாரம் ஏறி நிக்குது. நான் எங்க பிடிக்கிறது?" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் காந்தாரத்தை நீட்டி வாசிக்க, நான் கீபோர்டில் அதே ஸ்வரத்தைப் பிடித்தேன். இரண்டும் சேர்ந்து விநாடிக்கு மூன்று தடவை அளவில் அலை அலையாக அடித்தது. கேட்ட பின் கேட்காதது போல இருக்க முடியாத சத்தம் அது.

காரணம் இதுதான். கீபோர்டில் பன்னிரண்டு ஸ்வரங்களும் சமமாக நூறு நூறு சென்ட் (ஸ்வர இடைவெளியை அளக்கும் அலகு) இடைவெளியில் நிற்கின்றன. மோகனத்தில் வரும் அந்தர காந்தாரம் ஸவில் இருந்து 400இல் வரும். தம்புராவை நல்லாகச் சேர்த்து மீட்டினால் தானாகவே ஒரு காந்தாரம் கேட்குமே, அது ஐந்துக்கு நான்கு என்ற விகிதம், ஏறத்தாழ 386 சென்ட். வித்துவான் பிடித்தது அதைத்தான். பதினாலு சென்ட் என்றால் எண்ணில் சின்னதாகத் தெரியும். ஆனால் இரண்டு கட்டை சுருதியில் அவர் காந்தாரம் 367 ஹெர்ட்ஸ், என்னுடையது 370. அந்த மூன்றுதான் அலையாக அடித்தது.

வைட்டலிலும் சுருதிக் கோப்பை, அதாவது ஸ்வர இடைவெளிகளை எழுதிவைத்த கோப்பை, ஏற்றலாம், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் கோப்பை வெளியே எழுதி, சேமித்து, ஏற்றி, கேட்டு, சரியில்லை என்றால் மறுபடி வெளியே போக வேண்டும். வித்துவான் பக்கத்தில் காத்திருக்கும்போது அது நடக்கிற காரியமில்லை. சேர்ஜுக்குள்ளேயே சுருதியைத் திருத்தும் பலகை இருக்கிறது. பன்னிரண்டு வரியில் நாலை மட்டும் மாற்றினேன்: ரிஷபம் 9/8, காந்தாரம் 5/4, பஞ்சமம் 3/2, தைவதம் 5/3. எழுதியவுடனேயே கேட்கலாம். அவர் நீட்ட, நான் பிடிக்க, அலை நின்றுவிட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

இங்கே ஒரு குழி உண்டு, கவனம். விகிதமாக எழுதாமல் சென்டில் எழுதுவதென்றால் புள்ளி கட்டாயம் வேண்டும். 386.0 என்றால் சென்ட். புள்ளியில்லாமல் 386 என்றால் ஸவைப்போல் 386 மடங்கு என்று எடுத்துக்கொள்ளும். காதுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். இன்னொன்று, ஸ எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதற்கேற்ற மேப்பிங் கோப்பையும் ஏற்ற வேண்டும். இரண்டு கட்டைக்கு, மிடி (கீபோர்ட் கணினிக்கு அனுப்பும் செய்தி) எண்ணில் 62ஆம் கீ தொடக்கம். இதை விட்டால் கணக்கு முழுக்க ஒரு கட்டையில் இருந்து தொடங்கி எல்லாம் பிசகும்.

சுருதி சேர்ந்தால் பாதி வேலைதான். வளைவு வேண்டும். ரிஷபத்தில் இருந்து, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தைத் தள்ளிக் காந்தாரத்துக்கு ஏறினால் எங்கே போய் நிற்கும்? சேர்ஜின் டியூனிங் பட்டியலில் இரண்டு வழி இருக்கிறது. சுருதியை மிடி உள்ளே வரும்போதே போடச் சொன்னால், ரிஷபத்தின் 204உடன் 200 கூடி 404இல் நிற்கும். பழைய பிழையைவிட மோசம். மாடுலேஷனுக்குப் பிறகு போடச் சொன்னால் அதே தள்ளலில் 386இல் வந்து நிற்கும். இந்த ஒரு தெரிவுக்காகவே நான் சேர்ஜில் இருப்பேன். பிட்ச் பெண்ட் அளவை மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று எனத் தனித்தனியே வைக்கவும் முடியும். மேலே மூன்று, கீழே ஒன்று என்று வைத்திருக்கிறேன். கை தவறிக் கீழே போனாலும் பெரிதாக விழாது. ஸ்வரங்களை ஒன்றோடொன்று ஒட்டி வாசித்தால் மட்டும் வழுக்கும் மோனோ முறையும் (ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும்) உண்டு. விட்டு வாசித்தால் வழுக்காது.

அப்புறம் கீ ஸ்பிளிட், அதாவது கீபோர்டை இரண்டாகப் பிரிப்பது. ஒரே பிளகினில் இரண்டு சீன்கள் (தனித்தனி ஒலி அமைப்புகள்): இடது பக்கம் தந்தி ஒலி தரும் ஸ்ட்ரிங் ஒஸிலேட்டரில் ப ஸ ஸ ஸ என்று தம்புரா மாதிரி ஒன்று, வலது பக்கம் பாட்டின் மெட்டு. இரண்டுக்கும் ஒரே சுருதி. வைட்டல் என்றால் இரண்டாகத் திறந்து இரண்டிலும் கோப்பை ஏற்ற வேண்டும்.

நாதஸ்வரச் சீவாளியின் அந்தக் காரமான சத்தத்தை இரண்டிலுமே என்னால் கொண்டுவர முடியவில்லை. நாதஸ்வரம் வேண்டுமென்றால் நாதஸ்வரக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். ஒவ்வொரு விரலின் அழுத்தத்தையும் அசைவையும் தனித்தனியே அறியும் எம்பிஇ கீபோர்ட் என்னிடம் இல்லை. அதில் வாசித்தால் கமகம் இன்னும் நல்லாக வரலாம் என்று நினைக்கிறேன், வாசித்துப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

குறும்படத்துக்குப் பின்னணி என்றால் இன்றைக்கும் வைட்டல்தான் திறப்பேன். மழைக்கு முந்தின இரணைமடுக் குளம் மாதிரி ஒரு கனத்த, மெல்ல மாறும் ஒலியை அதில் பத்து நிமிடத்தில் கட்டிவிடலாம். அங்கே காந்தாரம் யாரோடும் சண்டை பிடிக்கப் போவதில்லை.

போன கிழமை புதுக்குடியிருப்பில் இருந்து ஒரு தம்பி வந்திருந்தார், கோயில் பாட்டுச் செய்பவர். சேர்ஜின் இன்ஸ்டோலரையும் அந்த மோகனக் கோப்பையும் இரண்டு கட்டை மேப்பிங்கையும் பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தேன். கணக்குத் திறக்கத் தேவையில்லை, டேட்டாவும் செலவில்லை. அடுத்த நாள் போன் எடுத்தார். முதல் கேள்வி, கட்ஆஃபைக் கூட்டினால் ஏன் ஒலி தள்ளாடுகிறது என்பது.