சபையாருக்கான ஒருநாள் ஊழியப் பயிற்சி: போகலாமா?

போன சனிக்கிழமை எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) நடந்தது, கட்டணம் 150 ரூபாய், மதியம் சாப்பாடு உண்டு. பைபிளில் எபேசியர் 4:11, 12-ஐ எடுத்து, மேய்ப்பர், அதாவது குருவானவர், சபையாரை ஊழியத்துக்குத் தயார்படுத்தத்தான் இருக்கிறார், அவர்களுக்குப் பதிலாக எல்லாவற்றையும் செய்து முடிக்க அல்ல என்று பாடம் எடுத்த ஐயா சொன்னபோது பின்வரிசையில் ஒரு அண்ணாச்சி, "அப்போ சம்பளம் எதுக்குங்கய்யா?" என்று கேட்டுவிட்டார். சிரிப்பு அடங்க நேரமானது.

ஐயா கோபப்படவில்லை. 1 கொரிந்தியர் 9-இல் சுவிசேஷத்தை அறிவிக்கிறவர் அதனாலே பிழைக்கலாம் என்று எழுதிய அதே அப்போஸ்தலன் பவுல், கொரிந்துவில் ஆக்கில்லா என்பவர் வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தார் என்பதைக் காட்டினார். சம்பளம் மேய்ப்பருடைய நேரத்துக்கு, நம்முடைய கடமையை அவர் செய்வதற்கு அல்ல என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் என் சித்தி ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு வாரமும் "ஐயர் வரலை" என்று குருவானவரைப் பற்றிப் புலம்பிய நான் ஒருநாள்கூட பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ஜெபம் பண்ணவில்லை.

குறையும் உண்டு. திருவிருந்தை (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) நடத்துவது குருவானவர்தான், சரி; ஆனால் வீட்டு ஜெபம், நோயாளி சந்திப்பு, ஓய்வுநாள் பள்ளி இதையெல்லாம் யார் எப்படிப் பிரித்துக்கொள்வது என்ற பகுதிக்குக் கடைசி இருபது நிமிடம்தான், அதற்குள் மைக் வேறு மக்கர். கணக்கு வழக்கு, கமிட்டிச் சண்டை பக்கம் யாரும் போகவே இல்லை.

சாம்பார் உப்பு. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அடுத்த தடவை அண்ணாச்சியோடு முன்வரிசையில் உட்காருவேன்.