பள்ளி நூலகத்தில் கிவிக்ஸ்: ஒன்றரை வருடம் வைத்துப் பார்த்த பிறகு

எங்கள் பள்ளி நூலகத்தில் பன்னிரண்டு கணினிகள் இருக்கின்றன. இதற்கு முன் ஒரு கட்டணத் தகவல் தளத்துக்குச் சந்தா கட்டியிருந்தோம். ஒரே நேரத்தில் ஐந்து பேர்தான் உள்ளே போகலாம். ஆறாவது கணினியில் உட்கார்ந்த பிள்ளைக்கு ‘பிறகு முயலவும்’ என்று வரும். ஒரு வகுப்பு நாற்பது நிமிடம். பிறகு என்றால் எப்போது? சந்தா முடிந்த மறுநாள் மொத்தமும் மறைந்துவிட்டது. அலமாரியில் தூசி படிந்து கிடந்த பழைய கலைக்களஞ்சியமாவது போட்ட இடத்தில் இருந்தது.

அந்த எரிச்சலில்தான் கிவிக்ஸைப் பிடித்தேன். 2007இல் தொடங்கிய திறமூல மென்பொருள், கட்டணம் இல்லை. விக்கிப்பீடியா போன்ற ஒரு தளத்தை மொத்தமாகச் சுருக்கி ‘ஜிம்’ என்ற வகைக் கோப்பாகத் தருகிறார்கள் (உடற்பயிற்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). ஒருமுறை இறக்கிவிட்டால் அப்புறம் இணையமே வேண்டாம். ஒரு கணினியில் கோப்பை வைத்து ‘கிவிக்ஸ் சர்வ்’ என்ற பகுதியை ஓடவிட்டால், மற்ற கணினிகள் பள்ளிக்குள் இருக்கும் வலைப்பின்னல் வழியாகவே பிரவுசரில் திறந்துகொள்கின்றன. கடவுச்சொல் கிடையாது, ஆறாவது ஆள் என்ற பேச்சும் கிடையாது.

முதல் நாள் சொதப்பியது நான்தான். படங்களோடு முழு ஆங்கில விக்கிப்பீடியா சுமார் 100 ஜிபி. வீட்டில் இறக்கி, 128 ஜிபி பென் டிரைவில் போடப் பார்த்தால் ‘கோப்பு மிகப் பெரியது’ என்கிறது. இடம் இருக்கிறதே என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பென் டிரைவ் ‘ஃபேட்32’ என்ற பழைய கோப்புச் சேமிப்பு முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேல் ஒற்றைக் கோப்பு ஏறாது. ‘எக்ஸ்ஃபேட்’ என்ற முறைக்கு மாற்றியதும் ஏறிவிட்டது. இவ்வளவு பெரிது வேண்டாம் என்றால் படமில்லாத பதிப்பு உண்டு, கட்டுரையின் முன்னுரை மட்டும் உள்ள ‘மினி’யும் உண்டு. மினி பள்ளிக்குப் போதாது என்பது என் எண்ணம். வீட்டுப்பாடத்துக்கு வேண்டியது எப்போதும் நான்காவது பத்தியில்தான் இருக்கும்.

ஆறாம் வகுப்புக்கு முழு ஆங்கிலப் பதிப்பு கடினம். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தின் பள்ளிப் பதிப்பில் வாசிப்புத் திறனுக்கு ஏற்ப மூன்று படிகள் உண்டு. இதில் அந்த வசதி இல்லை. நான் எளிய ஆங்கில விக்கிப்பீடியாவையும் தமிழ் விக்கிப்பீடியாவையும் சேர்த்து வைத்தேன். சின்னப் பிள்ளைகள் இந்த இரண்டைத்தான் திறக்கிறார்கள்.

தேடல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூகுள் மாதிரி மனதைப் படித்துத் தராது. தட்டத் தட்டக் கட்டுரைத் தலைப்புகளைக் காட்டும், கட்டுரைகளுக்குள் இருக்கும் சொற்களையும் தேடும், ஆனால் கேள்வியைப் புரிந்துகொள்ளாது. ‘தவளை தண்ணிக்குள்ள எப்படி மூச்சு விடும்’ என்று முழுக்க அடித்துவிட்டு ‘ஒண்ணும் வரல மிஸ்’ என்பார்கள். ‘சரி, இதில் எந்தச் சொல்லுக்குக் கட்டுரை இருக்கும், சொல்லு’ என்று கேட்பேன். தவளை என்பான். அது திறக்கும். உள்ளே தோல் வழிச் சுவாசம் இருக்கும். குறை என்று எழுத ஆரம்பித்தேன், ஆனால் கேள்வியை இப்படி உடைக்கக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலையே.

அடிக்குறிப்புகள் விஷயத்தில் மட்டும் சமாதானம் ஆக முடியவில்லை. கட்டுரைக்குக் கீழே ஆதாரப் பட்டியல் இருக்கிறது, ஆனால் வெளித்தளத்துக்குப் போகும் சுட்டியை அழுத்தினால் இணையம் கேட்கும். ‘ஆதாரத்தைத் திறந்து பார்’ என்று சொல்லிக்கொடுக்கிற இடத்தில் ஆதாரமே திறக்காது.

அடுத்தது, பழசாகிப்போவது. நான் இறக்கியது 2024 ஜனவரிக் கோப்பு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் பார்த்து, சனிக் கோளுக்கு 146 துணைக்கோள்கள் என்று எழுதிக்கொண்டு போனான். 274 என்று அடித்துத் திருத்திவிட்டார் அறிவியல் ஆசிரியர். 2025 மார்ச்சில்தான் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புதிதாக 128ஐ ஏற்றிருந்தது. பையன் நேராக என்னிடம் வந்துவிட்டான்: ‘உங்க கம்ப்யூட்டர் பொய் சொல்லுது மிஸ்.’ கோப்பின் பெயரிலேயே ஆண்டும் மாதமும் இருக்கும், ஆனால் அதைப் பார்ப்பது நான் மட்டும்தானே. அன்றே தேதியைப் பெரிதாக எழுதிப் பன்னிரண்டு திரைகளிலும் ஒட்டினேன். விடையோடு அந்தத் தேதியையும் எழுத வேண்டும் என்பது இப்போது நூலக விதி.

சென்ற மாதம் புதிய கோப்பைப் போட்டேன். அவன்தான் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். வேறு எதையும் தேடவில்லை, சனியைத்தான் திறந்தான்.