பூட்டில்லாத மடக்குக் கத்தியோடு ஊர்ப் பயணம்

இந்த முறை ஊருக்குப் போனபோது என் பாக்கெட் கத்தி பல பேர் கைக்குப் போய் வந்தது. பையைச் சோதித்தவர், சாணை பிடித்தவர், மொபைல் ரிப்பேர் பையன் என்று ஒவ்வொருவரும் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். தினமும் பையில் வைத்துக்கொள்ள ஒரு கத்தி வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும், விமானம் ஏறிப் போய்வரும் நம் ஆட்களுக்கும் இது உபயோகப்படும் என்று எழுதுகிறேன்.

முதலில், பூட்டில்லாத கத்தி ஏன்? நான் இருப்பது இங்கிலாந்தில். 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம், 139-ஆம் பிரிவு, காரணம் சொல்லத் தேவையில்லாமல் வெளியே கொண்டுபோக ஒரே வகைக் கத்தியைத்தான் அனுமதிக்கிறது. மடக்கக்கூடியதாக இருக்க வேண்டும், வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. விரித்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி இந்த விலக்கில் வராது என்று நீதிமன்றம் பிறகு தெளிவாக்கிவிட்டது. யாரையாவது காயப்படுத்தும் எண்ணத்தோடு வைத்திருந்தால் அளவெல்லாம் எடுபடாது, அது தனிக் குற்றம். கத்தி நிறுவனமான ஸ்பைடர்கோவின் யூகே பென்நைஃப் மாதிரி நவீன ஸ்லிப்ஜாயிண்ட்கள், அதாவது பூட்டில்லாத மடக்குக் கத்திகள், இந்தச் சட்டத்தை மனதில் வைத்தே உருவானவை. தாத்தா காலத்துப் பேனாக்கத்தியின் அதே அமைப்புதான். முதுகில் ஓடும் ஸ்பிரிங் பட்டை ப்ளேடின் அடிக்கட்டையை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். அதன்மேல் நல்ல எஃகு, ஒரு கையால் திறக்க ஓட்டை, கழற்றி மாட்ட ஸ்குரூ, பாக்கெட் கிளிப் என்று சேர்த்திருக்கிறார்கள்.

விமான நிலையத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கத்தி செக்-இன் பெட்டிக்குள் போனால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சிக்கல் வருவது உள்நாட்டு இணைப்பு விமானத்தில். முதலில் இறங்கும் இடத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி மறுபடியும் ஒப்படைக்கச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் பெட்டியைத் திறந்து எதையாவது எடுக்கும்போது கத்தியும் கைப்பைக்கு வந்துவிடும். எனக்கு முன்னால் நின்றவரின் சாவிக்கொத்திலிருந்த 58 மில்லிமீட்டர் குட்டி விக்டோரினாக்ஸ் கத்தி அப்படித்தான் பறிமுதல் தொட்டிக்குள் போனது. திரும்பிப் போய்ப் பெட்டியில் போட்டு வரட்டுமா என்று அவர் கெஞ்சிப் பார்த்தார், நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பாவமாக இருந்தது.

ஊரில் ஒரு வாரம் அட்டைப்பெட்டியும் கயிறும் அறுத்ததில் கூர் மழுங்கிவிட்டது. தெருவில் சக்கரத்தோடு வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். வயதானவர். வாங்கியதும் சக்கரத்தை மிதிக்கவில்லை. ப்ளேடை விரித்து, முதுகில் கட்டைவிரலால் அழுத்தி அது எப்போது மடங்கத் தொடங்குகிறது என்று பார்த்தார். பிறகு விளிம்பை நகத்தின் மேல் மெல்ல ஓட்டினார்.

"தம்பி, இதுல பூட்டு இல்லையே. குத்துற வேலைக்கு வச்சிக்காதீங்க."

"இல்லைண்ணே, அறுக்கிறதுக்கு மட்டும்தான்."

"அப்பச் சரி. சக்கரம் வேணாம், ரொம்ப மெல்லிசு. சூடேறிடும். கல்லுல போட்டுத் தரேன்."

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மாதிரிக் கத்திகளின் எஃகு பலவற்றை, கடினமாக்கிய பிறகு சுமார் 200 டிகிரி செல்சியஸில் பதப்படுத்துகிறார்கள். தண்ணீர் தொடாமல் வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் காகிதம்போல மெலிந்த விளிம்பு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டி மென்மையாகிவிடும். சூடுபட்ட பகுதி தேய்ந்து போகும்வரை, பிறகு தீட்டினாலும் கூர் நிற்காது. அவர் ஒரு பக்கம் கரடாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்த கல்லை நனைத்து, கரடான பக்கத்தில் பிசிறு எழும்வரை ஒரு புறம், பிறகு மறுபுறம், கடைசியில் மெல்லிய பக்கத்தில் எடையே இல்லாமல் சில இழுப்பு. செருப்புத் தோலில் இழுத்துப் பிசிறை எடுத்தார். செய்தித்தாளைத் தொங்கவிட்டு வெட்டிக் காட்டியபோது சத்தமே வரவில்லை. இந்த நிதானத்தை நான் காசு கொடுத்து அனுப்பிவைக்கும் தீட்டும் சேவையில்கூடப் பார்த்ததில்லை.

கத்தி தேர்ந்தெடுப்பதில் என் முடிவை உறுதி செய்ததே இதுதான். என்னுடையது 14சி28என் எஃகு, சுமார் 14 சதவீதம் குரோமியம், துரு சுலபத்தில் பிடிக்காது, சாதாரணக் கல்லில் தீட்ட முடியும். இணையத்தில் எல்லோரும் புகழும் எம்390 எஃகுக் கத்தியைக் கொடுத்திருந்தால் அவர் திணறியிருப்பார். அதில் 4 சதவீதம் வனேடியம் இருக்கிறது. வனேடியம் கரியோடு சேர்ந்து எஃகுக்குள் உண்டாகும் வனேடியம் கார்பைடு துகள், கற்களில் வழக்கமாக இருக்கும் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினம். வைரத்தூள் பூசிய தகடு இருந்தால்தான் ஒழுங்காக வேலை நடக்கும். கூர் நீண்ட நாள் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் மழுங்கும்போது கையருகே வைரத் தகடு இருக்க வேண்டுமே. வியர்வை ஊறும் இடுப்பில் செருகி வைப்பவர்கள் டி2 எஃகையும் யோசித்தே வாங்குங்கள். குரோமியம் 12 சதவீதம் என்றாலும் அதில் கணிசமான பங்கு கார்பைடில் போய்க் கட்டுண்டுவிடும், புள்ளிபுள்ளியாகத் துரு ஏறும்.

கிளிப் ஸ்குரூ ஒன்று தளர்ந்திருந்தது. நட்சத்திரத் தலை, டி6 அளவு. சாதாரண திருப்புளி உதவாது. மொபைல் ரிப்பேர் செய்யும் பையனிடம் காட்டினேன், அவனுடைய பெட்டியில் அந்த முனை தயாராக இருந்தது. ஒரு நிமிஷ வேலை. ஆணி அடித்து இறுக்கிய பழைய பாணிக் கத்தி என்றால், ப்ளேடு ஆட ஆரம்பித்ததும் சுத்தியல் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். ஸ்குரூ வைத்த நவீனக் கத்தியின் பெரிய வசதி என்று இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஸ்பிரிங். வாங்கும்போது எல்லோரும் எஃகைப் பார்க்கிறார்கள், ஸ்பிரிங்கை யாரும் பார்ப்பதில்லை. பூட்டு இல்லாத கத்தியில் விரலைக் காப்பது அதன் இறுக்கம்தான். நகம் உடையாமல் திறக்க வேண்டும், முதுகில் லேசாகத் தட்டினால் மடங்கக்கூடாது. பாதி வழியில், 90 டிகிரியில், ஒரு முறை நின்று போகும் அமைப்பு இருந்தால் மூடும்போது விரல் தப்பிக்கும். ப்ளேடின் அடியில் ஆட்காட்டி விரல் வைக்கும் வளைவு இருந்தால் இன்னும் நல்லது. கத்தி தற்செயலாக மடங்கினாலும் விரலில் படுவது கூரில்லாத பகுதியாகவே இருக்கும். ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலாகக் ஒரு சின்ன உருண்டை மட்டும் பிடித்து நிறுத்தும் மெல்லிய கத்திகளும் வருகின்றன. கடிதம் பிரிக்கப் போதும், தடித்த அட்டை அறுக்க எனக்கு நம்பிக்கை இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் தம்பி தனக்கும் ஒன்று வேண்டும் என்றான். என்னுடைய மாதிரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு கையால் படக்கென்று திறந்தால் பக்கத்தில் நிற்பவர்கள் மிரளுவார்கள். மாலின் வாசலில் பையைச் சோதித்த காவலர் என் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவனுக்கு விக்டோரினாக்ஸ் கேடட்தான் பொருத்தம். மூடினால் 84 மில்லிமீட்டர், அலுமினியக் கைப்பிடி, கிளிப் கிடையாது, நகத்தால்தான் திறக்க வேண்டும். எஃகின் கடினம் ராக்வெல் அளவில் 55, 56தான், சீக்கிரம் மழுங்கும். ஆனால் அந்தச் சாணைக்காரர் அதை இரண்டு நிமிஷத்தில் கூராக்கிவிடுவார். அடுத்த முறை வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.