ஆசிரியர் வேலை என்று சொல்லி 38,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். பி.எட். முடித்தவர்கள் தயவுசெய்து படியுங்கள்

போன வியாழக்கிழமைதான் எனக்கு உறைத்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் இதே வலையில் இன்னும் எத்தனை பேர் விழப்போகிறார்களோ என்ற பயத்தில்தான் ஆறப்போடாமல் இப்போதே எழுதுகிறேன். போனது 38,500 ரூபாய். எதையெல்லாம் சரிபார்த்திருக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் கணிதப் பட்டதாரி ஆசிரியை. 2013 ஆகஸ்டில் நடந்த டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டாம் தாளில் 94 மதிப்பெண் எடுத்துத் தேறினேன். அந்த வருஷம் தேறியவர்களின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். சான்றிதழ் ஏழு வருஷம்தான் செல்லும் என்றார்கள். 2018-இல் அரசாணை 149 வந்து, டெட் மட்டும் போதாது, பணி நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். 2021-இல் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்றார்கள். 2024 பிப்ரவரியில் அந்தப் போட்டித் தேர்வையும் எழுதினேன், கிடைக்கவில்லை. நடுவில் 2022-இல் ஓர் அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். மற்றபடி எல்லாம் தனியார் பள்ளிகள்தான்.

முன்பெல்லாம் ஏப்ரல், மே வந்தால் ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'ஆசிரியர்கள் தேவை' விளம்பரம் வரும். ஃபைலைத் தூக்கிக்கொண்டு நேரே போய் நிற்போம். ஒரு வகுப்பில் நிறுத்தி டெமோ எடுக்கச் சொல்வார்கள், தாளாளர் சம்பளத்தைச் சொல்வார், முடிந்தது. பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்த்துவிடுவோம். இப்போது நிறையப் பள்ளிகள் ஆள் எடுக்கும் வேலையையே வெளியே கொடுத்துவிட்டன. கன்சல்டன்சி, ஆப், வாட்ஸ்அப் குரூப் என்று ஆகிவிட்டது, டெமோவும் வீடியோவில்தான். ஆயாம்மா, வேன் அட்டெண்டர், வாட்ச்மேன், ஆபீஸ் கிளார்க் இவர்களை எல்லாம் ஏஜென்சி அனுப்புகிறது, சம்பளமும் ஏஜென்சி கைக்குப் போய்த்தான் அவர்கள் கைக்கு வருகிறது. பள்ளிக்கும் வேலை தேடுகிறவருக்கும் நடுவில் ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவர் யார், உண்மையிலேயே அந்தப் பள்ளி அனுப்பிய ஆள்தானா என்று கேட்கும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. எனக்கு வரவில்லை.

நான் மாட்டிக்கொண்டது பள்ளி வேலைகளுக்கென்றே இயங்கும் ஓர் இணையதளத்தில். பெயரைப் போடவில்லை, நாளைக்கே வேறு பெயரில் வருவார்கள், பெயரை வைத்து யாரும் தப்பிக்க முடியாது. பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய். அதைக் கட்டியதும் இரண்டே நாளில் ஒரு பெண் கூப்பிட்டார். "மேடம், உங்க ப்ரொஃபைல் பார்த்தோம், டெட் பாஸ், பதினொரு வருஷ அனுபவம்" என்று என் விவரத்தை வரி வரியாகச் சொன்னார். 2025 செப்டம்பர் 1-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதல்லவா, ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டு வருஷத்துக்குள் டெட் தேற வேண்டும் என்று. அதைச் சரியாக எடுத்துச் சொல்லி, "இனிமே டெட் பாஸ் பண்ணவங்களைத்தான் எல்லா மேனேஜ்மெண்டும் தேடுவாங்க, நீங்க இதுவரைக்கும் கம்மியா சம்பளம் வாங்கிட்டிருந்திருக்கீங்க மேடம்" என்றார். பன்னிரண்டு வருஷமாக அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு நான் கேட்க ஏங்கிய வார்த்தை அது.

அடுத்தது டெமோ. நான் முழுசாக விழுந்தது அங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வீடியோ அழைப்பில் முதல்வர் என்று ஓர் அம்மா இருந்தார், ஐம்பது வயது இருக்கும், பின்னால் அலமாரியில் கோப்பைகள். ஏழாம் வகுப்புக்குப் பின்னங்களைக் கூட்டுவது எடுங்கள் என்றார். எடுத்தேன். பத்து நிமிஷம் அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும், "பகுதியையும் பகுதியையும் கூட்டிப் போடுற பிள்ளை ஒன்று கடைசி பெஞ்சில் இருக்கு, அதுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டார். ஒவ்வொரு வருஷமும் வகுப்பில் நாலைந்து பிள்ளைகள் அந்தத் தப்பைத்தான் செய்வார்கள். காகிதத்தை மடித்து அரையும் காலும் காட்டுவேன் என்று சொல்லி, அங்கேயே ஒரு தாளை எடுத்து மடித்துக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "இப்படி ஒரு டீச்சரைத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்" என்றார். எந்தப் பள்ளியிலும் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. டெமோ எடுக்கும்போதே போனைப் பார்க்கும் தாளாளர்களைத்தான் பார்த்திருக்கிறேன். பாடம் நடத்தத் தெரிந்த ஒருவர்தான் அப்படிக் கேட்க முடியும். அந்த அம்மா ஒரு காலத்தில் ஆசிரியையாக இருந்தவராகத்தான் இருக்க வேண்டும், அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

சம்பளம் 22,000 என்றார்கள். பள்ளி விடுமுறையான மே மாதத்துக்கும் சம்பளம் உண்டு, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். தனியார் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த இரண்டும் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மறுநாளே மெயிலில் ஆஃபர் லெட்டர், பள்ளியின் லோகோ, சீல், கையெழுத்து எல்லாம் இருந்தது. கூடவே பிளேஸ்மெண்ட் கட்டணம் 12,000. கட்டினேன். இரண்டு நாள் கழித்து, "நடுவருஷம் விட்டுட்டுப் போயிடுறாங்க மேடம், அதனால பாதுகாப்புத் தொகை 25,000, முதல் மாதச் சம்பளத்தோட திருப்பிக் கொடுத்துடுவோம்" என்றார்கள். நடுவருஷத்தில் ஆசிரியர்கள் விட்டுப் போவது நானே பார்த்திருக்கும் உண்மை என்பதால் நியாயம்தானே என்று தோன்றியது. மகனுடைய பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்திருந்த பணத்தை அப்படியே அனுப்பினேன். 1,500, 12,000, 25,000. மொத்தம் 38,500.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அதே பள்ளிக்கு ஆயாம்மா வேலைக்கும் ஆள் வேண்டும் என்று அந்தப் பெண் சொல்ல, எங்கள் எதிர்வீட்டு அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். மில்லில் நின்றுபோனதிலிருந்து வேலை இல்லாமல் இருக்கிறவர். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று 3,500 ரூபாய் கொடுத்தார், என் போனிலிருந்து நான்தான் அனுப்பினேன்.

சேர வேண்டிய தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பேருந்து வழி கேட்கலாம் என்று கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் எடுத்தார். "மேனேஜ்மெண்ட் மீட்டிங் போய்க்கிட்டிருக்கு மேடம்." அடுத்த நாள், "பள்ளிக்கு இன்ஸ்பெக்‌ஷன் மேடம், சேரும் தேதி ஒரு வாரம் தள்ளிப்போகுது." அப்புறம் வேறொரு ஆண் குரல், "அந்த மேடம் லீவுல இருக்காங்க, நீங்க மெயில் போடுங்க." மெயில் போட்டால் ஒரு புகார் எண்ணும், ஏழு வேலை நாட்களில் பதில் தருவோம் என்ற ஒரே வரியும் வந்தன. முதல்வர் அம்மாவின் எண்ணுக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

வியாழக்கிழமை பஸ் பிடித்து, இரண்டு மணி நேரம் பயணம் செய்து அந்தப் பள்ளிக்கே போனேன். பள்ளி உண்மையானதுதான். வாட்ச்மேன் என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததுமே, "நீங்களுமாம்மா" என்றார். உள்ளே முதல்வர் அறையில் இருந்தவர் வேறொருவர். கணிதத்துக்குக் காலியிடமே இல்லையாம், ஆயா வேலைக்கும் ஆள் எடுக்கவில்லையாம். லோகோவை அவர்கள் இணையதளத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள், கையெழுத்து அவருடையதே இல்லை. அந்த வாரத்தில் நான் மூன்றாவது ஆளாம். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார், நல்ல மனுஷி. ஆனால் முதல் ஆள் வந்த அன்றே வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கலாமே என்று கேட்டேன், பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும் என்று தாளாளர் வேண்டாம் என்றுவிட்டாராம்.

வெளியே வந்து மறுபடி அழைத்தேன். இந்த முறை எடுத்தார்கள். "நாங்க வெறும் தளம்தான் மேடம், பள்ளி தரப்புல தப்பு நடந்தா நாங்க பொறுப்பில்ல, நிபந்தனைகள்ல இருக்கு பாருங்க" என்றான் ஒருவன். பணத்தைக் கொடு என்று கத்தினேன், ரோட்டில் நின்றுகொண்டு கத்தினேன். "ரீஃபண்ட் வேணும்னா ப்ராசஸிங் கட்டணம் 2,000 கட்டுங்க" என்றான். அதை மட்டும் கட்டவில்லை. 38,500 ரூபாயை வாங்கியவன் அதைத் திருப்பிக் கொடுக்க மேலும் 2,000 கேட்கிறான்! அதன் பிறகு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள்.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு அன்று மாலைதான் அழைத்தேன். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் அந்தக் கணக்கிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம், இவ்வளவு நாள் கழித்துக் கஷ்டம் என்றார்கள், ஆனாலும் புகாரைப் பதிந்துகொண்டார்கள். மூன்று தவணையும் மூன்று வெவ்வேறு பெயரில் இருக்கும் தனிநபர் கணக்குகளுக்குப் போயிருக்கிறது, அதைக்கூட நான் அனுப்பும்போது கவனிக்கவில்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்க இரண்டு முறை அலைய வேண்டியிருந்தது. "படிச்ச டீச்சரே இப்படியா" என்று அங்கே ஒருவர் சொன்னார். படித்தவள் என்பதால்தான் இந்த வேலையைத் தேடினேன், படித்தவள் என்று என்னை மதித்துப் பேசியதால்தான் நம்பினேன்.

சரி, சொல்வதாகச் சொன்னவை. பொறுமையாக எழுத மனம் வரவில்லை, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். வேலைக்கு முன்னால் யார் பணம் கேட்டாலும், டெபாசிட் என்றாலும் ரீஃபண்ட் என்றாலும், கொடுக்காதீர்கள். ஆஃபர் லெட்டர் வந்தால் அதில் இருக்கும் எண்ணுக்கு அடிக்காமல், பள்ளியின் எண்ணை நீங்களே தேடி அடியுங்கள், முடிந்தால் நேரில் போய்விடுங்கள். அரசுப் பள்ளி வேலை என்று யாராவது பணம் கேட்டால் நின்று பேசவே வேண்டாம், நிரந்தர ஆசிரியர் வேலை ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வு வழியாகத்தான். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு என்னைப் போல நாளைக் கடத்தாமல் உடனே 1930. ஆயாம்மா, வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பதிவைப் படிக்க வாய்ப்பில்லை, உங்கள் தெருவில் யாராவது இருந்தால் வாயால் சொல்லிவிடுங்கள்.

அக்காவின் 3,500-ஐ நான் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவர் வேண்டாம் என்கிறார், அடுத்த மாதம் எப்படியாவது கொடுத்துவிடுவேன். என் 38,500 வருமா என்று தெரியவில்லை.

இன்று காலை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் புதுப் பெயரில் ஒரு விளம்பரம் வந்திருக்கிறது. கணிதம் இரண்டு இடம், ஆயா நான்கு இடம், மே மாதச் சம்பளம் உண்டு, அசல் சான்றிதழ் தேவையில்லை. வரிக்கு வரி எனக்கு அனுப்பிய அதே விளம்பரம். கீழே ஏற்கெனவே பதினேழு பேர் 'இண்ட்ரஸ்டட்' என்று போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இதை அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.