பல்க் மெயில் அனுப்பித் தருகிறோம் என்று வருபவர்கள்: ஓர் எச்சரிக்கை

எங்கள் வாசகர் வட்டத்துக்கு மாதமடல் அனுப்புவது என் பொறுப்பு. பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் தாங்களே பெயர் கொடுத்துச் சேர்ந்தவர்கள். ஆனாலும் மடல் பலருக்கு ஸ்பாமில் போய் விழுந்தது. மெயில் அனுப்பித் தரும் சேவைக்காரர்களிடம் உதவி கேட்டுப் போன இடத்தில் எல்லாம் முதல் கேள்வி, "இந்த முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன?" அடுத்தது, "சம்மதித்ததற்குப் பதிவு இருக்கிறதா?" என்னைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று புரிந்தபோது எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்போதுதான், பல்க் மெயில் (ஒரே மடலை மொத்தமாகப் பலருக்கு) அனுப்பித் தருகிறேன் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "நூறு சதவீதம் இன்பாக்ஸ், கவலையை விடுங்க சார்" என்றார். முன்பணம் வாங்கினார், பட்டியலை வாங்கினார், எங்கள் டொமைன் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினார். அதோடு சரி, வாரம் ஒரு ரிப்போர்ட் மட்டும் வரும். எல்லாவற்றிலும் 'டெலிவர்டு 100%'. பழைய பட்டியல் எதுவானாலும் சில முகவரிகளாவது செத்துப்போயிருக்கும்; ஒன்றுகூடத் திரும்பி வராத ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். தவிர, டெலிவர்டு என்றால் எதிர்முனை சர்வர் வாங்கிக்கொண்டது என்று மட்டும்தான் பொருள். ஸ்பாமில் விழுந்ததும் அதில் சேர்த்தி.

பிறகு முன்பின் தெரியாதவர்களிடமிருந்து வசவு வர ஆரம்பித்தது. "உங்களிடம் நான் எப்போது கடன் கேட்டேன்?" என்று ஒருவர். நாங்கள் நடத்துவது வாசகர் வட்டம்! விவரம் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து டீமார்க் அறிக்கைகளை, அதாவது நம் டொமைன் பெயரில் எங்கிருந்தெல்லாம் மெயில் வருகிறது என்று ஜிமெயில் போன்ற சேவைகள் அனுப்பும் கணக்கை, பிரித்துப் பார்த்தோம். எங்கள் டொமைன் பெயரில், நாங்கள் கேள்வியே படாத ஐபிகளிலிருந்து (சர்வர்களின் இணைய எண்கள்) மெயில் கொட்டிக்கொண்டிருந்தது.

கோளாறு அந்த ஒரு வரியில். எந்தெந்த சர்வர் நம் பெயரில் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப் பதிவு. அதன் கடைசியில் வரும் 'ஆல்' என்ற சொல்லுக்கு முன்னால் மைனஸ் குறியோ (-) டில்டேயோ (~) இருக்க வேண்டும். அந்த பல்க் மெயில்காரர் பிளஸ் போட்டிருந்தார். அதாவது யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். உங்கள் பதிவில் அப்படி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் விதிகளை இறுக்கிவிட்டன. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் எஸ்பிஎஃப், டீகிம் (மெயிலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டீமார்க் (இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றும் வேண்டும். விளம்பர மெயில், மடல் போன்றவற்றில் ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர் ஸ்பாம் பட்டனை அழுத்தினால் போதும், கதை முடிந்தது. நல்ல சேவைக்காரர் முகவரிகளின் பூர்வீகத்தைத் துருவுவது இதனால்தான். ஒரு வாடிக்கையாளரின் குப்பை, அதே ஐபியிலிருந்து போகும் மற்ற எல்லாருடைய மெயிலையும் கெடுத்துவிடும். உங்களைச் சந்தேகப்படுகிறவரை நம்பலாம். எதையுமே கேட்காதவரிடம்தான் உஷார்.

எங்கள் டொமைன், ஸ்பாம் அனுப்புபவர்களைப் பட்டியலிடும் அமைப்பான ஸ்பாம்ஹவுஸின் தடைப்பட்டியலில் ஏறிவிட்டது. இவரிடம் கேட்டால், எடுத்துத் தரத் தனிக் கட்டணம் என்கிறார். கொடுக்காதீர்கள். பட்டியலிலிருந்து நீக்க ஸ்பாம்ஹவுஸ் காசு வாங்குவதில்லை. காரணத்தைச் சரிசெய்துவிட்டு, அவர்கள் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம்.